மலை சரிந்தால் மடிபவர் யார்?

(பினாங்கு, ஜோர்ஜ் டவுன், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஞாயிறு பிற்பகல் நடந்த தோட்டத் தொழிலாளர், சிப்பந்திகள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



காலையில் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துப் பாலத்தைக் கடந்து இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். சம்பள விஷயம் பேசக் கூடியிருந்தால் இதில் வியப்பில்லை. ஆனால் இன்று நாம் பேச வந்திருப்பது மலையைப் பற்றி. பினாங்குத் தீவின் மலைச் சரிவுகளில் கட்டடம் எழுப்புவதையும் அதை எதிர்த்து நிற்கும் மக்களையும் பற்றி. "கித்தா மரம் சீவுகிற நமக்கும் பட்டணத்து அடுக்குமாடிக்கும் என்ன சம்பந்தம்?" என்று வரும் வழியில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சு.

முதலில் நாம் கூடியிருக்கும் இடத்தைப் பாருங்கள். இந்தச் சாலைக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டு தோன்றியது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த முஸ்லிம் மக்கள் எழுப்பியது அது. சற்று நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில். பக்கத்து இராணித் தெருவில் 1833இல் எழுந்த நம் மாரியம்மன் கோயில். இத்தனையையும் உள்ளடக்கிய இந்த நகரை 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தச் சுவர்களில் ஒரு கல்லைப் பெயர்க்க வேண்டுமானாலும் இன்று அனுமதி வேண்டும். நல்லதுதான். ஆனால் இந்த நகருக்குப் பின்னால் நிற்கிறதே மலை, அதைப் பெயர்ப்பவர்களை யார் தடுப்பது?

அந்த மலைக்கும் நமக்கும் உறவு புதிதல்ல. தைப்பூசத்தன்று வெள்ளி இரதம் இந்த நகரத் தெருக்களிலிருந்து புறப்பட்டு எங்கே போகிறது? தண்ணீர்மலைக்குப் போகிறது. அந்தப் பெயரை யோசித்துப் பாருங்கள். பெரிய படிப்பு படித்தவர்கள் வைத்த பெயரல்ல அது. காவடி தூக்கிய நம் பாட்டன் பாட்டிகள் வாயில் வந்த பெயர். மலை இருந்தால் தண்ணீர் உண்டு என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அருவி நீர்தான் ஒரு காலத்தில் இந்த நகருக்குக் குடிநீராய் வந்தது.

மலையை நாம் அறிவோம்

தோழர்களே! மலைச் சரிவு என்றால் என்ன என்று நமக்கு இன்னொருவர் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தோளில் வாளியோடு மலைக்காட்டில் ஏறி இறங்குகிறவர்கள் நாம். மேட்டு நிரையில் மரம் வெட்டுபவருக்கு, மழை பெய்த மறுநாள் எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பது தெரியும்.

பழைய காலத்தில் துரைமார் தோட்டத்தில் ஒரு புல் கூட இருக்கக்கூடாது என்றார்கள். மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டி நிலத்தை வெறுமையாக்க வைத்தார்கள். என்ன நடந்தது? மழை வந்து மேல்மண்ணை எல்லாம் ஆற்றுக்கு அடித்துச் சென்றது. பிறகுதான் புத்தி வந்தது. சரிவைச் சுற்றிப் படிப்படியாகத் தட்டு வெட்டினார்கள். மண் தங்குவதற்குக் குழி எடுத்தார்கள். மரங்களுக்கிடையே கொடி வகைகளைப் படரவிட்டார்கள். வெறும் மண் மலையில் நிற்காது. வேர் பிடித்தால்தான் நிற்கும். தண்ணீருக்கு வழி விட்டால்தான் அது நம்மை விட்டுவைக்கும். இந்தப் பாடத்தைத் தோட்ட நிர்வாகம் கற்றுக்கொண்டது மண்ணின்மேல் உள்ள பாசத்தாலல்ல. மண் போனால் பால் போகும், பால் போனால் இலாபம் போகும் என்பதால்.

மலையில் வீடு கட்டுகிறவருக்கோ இந்தக் கணக்கு வேறு. மரத்தை அடியோடு எடுக்கிறார். சரிவைச் செங்குத்தாக வெட்டுகிறார். வெட்டிய மண்ணைப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டுகிறார். சிமெண்டுச் சுவர் ஒன்றைத் தாங்கலுக்கு நிறுத்துகிறார். வீடுகளை விற்றுக் காசாக்கிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடுகிறார். மழையோ ஆண்டுதோறும் வருகிறது. நீர் மண்ணுக்குள் இறங்குகிறது, மண் கனக்கிறது, பிடிப்பு தளர்கிறது. வடிகால் அடைத்துக்கொண்டால் தாங்கு சுவரே தண்ணீர்த் தொட்டியின் சுவராகிவிடுகிறது. ஒரு நாள் அது தாங்காது. அந்த நாளில் அங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள் தலையில் விழுகிறது.

இரண்டு அக்டோபர்கள்

யார் தலையில் விழுந்தது என்று பார்ப்போம்.

2017ஆம் ஆண்டு அக்டோபர் 21, சனிக்கிழமை காலை. தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் சரிவு இடிந்து விழுந்தது. 11 தொழிலாளர்கள் மண்ணில் புதைந்து மாண்டனர். பெரும்பாலோர் அயல்நாடுகளிலிருந்து வயிற்றுப்பிழைப்புக்கு வந்தவர்கள். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 4ஆம் தேதி இரவு, பெருமழையும் காற்றும் இந்தத் தீவையும் செபராங் பிறையையும் புரட்டி எடுத்தன. ஏழு உயிர்கள் போயின. பினாங்கு மலையில் பல இடங்களில் மண் சரிந்தது.

அடுத்த ஆண்டு, 2018 அக்டோபர் 19. ஓராண்டு நிறைவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, புக்கிட் குக்குஸ் சாலைத் திட்டத்தில் மறுபடியும் மலை சரிந்தது. 9 தொழிலாளர்கள் மாண்டனர். வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், மியன்மார் நாட்டவர். இது தனியார் கட்டிய மாளிகையல்ல; மாநகர் மன்றத்தின் சாலைத் திட்டம்.

இரண்டு அக்டோபர்களில் இருபது தொழிலாளர்கள்! அந்த இருபது பேரில் மலைமேல் வீடு வாங்கியவர் எவருமில்லை. மலையை வெட்டலாம் என்று கையெழுத்திட்டவர் எவருமில்லை. நாள் கூலிக்கு வந்து நின்றவர்கள் அவர்கள். இன்று நம்முடைய தோட்டங்களிலும் நம் பக்கத்து நிரையில் வங்காளதேசத் தோழரும் இந்தோனேசியத் தோழரும் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் எப்படிக் கடல் கடந்து வந்தார்களோ, அப்படியே வந்தவர்கள். அன்று நம்மவர் உயிரைக் கணக்கில் எழுதாதவர்கள் இன்று இவர்கள் உயிரையும் எழுதுவதில்லை. அந்த இரு விபத்துகளும் நடந்தபோது வெளிநாட்டுத் தொழிலாளருக்கு நம்மைப் போல் சொக்சோ பாதுகாப்பு கூட இல்லை. 2019 ஜனவரி முதல்தான் அவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள்.

தஞ்சோங் பூங்காவில் கட்டடம் நின்ற இடம் மலைநிலமல்ல, சமநிலம் என்று அப்போது சொல்லப்பட்டது. அனுமதி கொடுத்ததில் யார் பிழை என்று கூட்டரசு ஒரு பக்கமும் மாநில அரசு ஒரு பக்கமும் மாறி மாறிப் பேசின. நாம் கேட்பது ஒன்றுதான்: சமநிலம் என்றால் மண் எங்கிருந்து விழுந்தது? கட்டடம் சமநிலத்தில் இருக்கலாம். அதன் பக்கத்தில் வெட்டப்பட்ட சரிவு சமநிலமல்லவே. வரைபடத்தில் கோட்டுக்கு இப்பால் இருக்கிறது, அப்பால் இருக்கிறது என்று வாதாடலாம். மண்ணுக்கு அந்தக் கோடு தெரியாது.

நாற்பத்தெட்டு உயிரும் ஒரு தீர்ப்பும்

இது பினாங்கின் கதை மட்டுமல்ல. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, சிலாங்கூர் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் அப்படியே சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தனர். பின்னால் இருந்த சரிவிலிருந்து வந்த நீரும், சரியாகப் பேணாத வடிகாலும், தாங்காத சுவர்களும்தான் அதற்குக் காரணமாய் அமைந்தன. அங்கே வீடு வைத்திருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். பல ஆண்டுகள் நடந்த வழக்கில், 2006ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் சொன்னது என்ன? கட்டடம் விழுவதற்கு முன் நடந்தவற்றுக்கு, 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அதனிடம் நட்ட ஈடு கேட்க முடியாது என்பதே.

தோழர்களே, இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி கொடுக்கும் அதிகாரம் மன்றத்திடம். அனுமதி தவறாகிப் போனால் பொறுப்பு அதனிடம் இல்லை. நம் தோட்டத்தில் ஒரு மண்டோர் தவறான நிரையில் ஆள் விட்டால் அன்று மாலையே அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். மலையையே தவறாக வெட்டவிட்டவரைக் கேட்க வழியில்லை. ஆகவே, விழுந்த பிறகு நியாயம் கிடைக்கும் என்று காத்திருப்பவர் ஏமாந்து போவார். விழுமுன் தடுப்பதுதான் ஒரே வழி.

தடுக்க முடியுமா? முடியும். தடுத்தும் இருக்கிறார்கள்.

எதிர்த்து நின்றவர்கள்

1990ஆம் ஆண்டு பினாங்கு மலைமேல் ஹோட்டல்களும் மாடி வீடுகளும் கேளிக்கைக் கூடங்களுமாக ஒரு பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்த நகர மக்கள் விழித்துக்கொண்டார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சஹாபாட் ஆலாம் மலேசியா, இன்னும் பல அமைப்புகள் ஒன்றுசேர்ந்து "பினாங்கு மலை நண்பர்கள்" என்ற பெயரில் நின்றன. கையெழுத்து திரட்டினார்கள், நிபுணர்களைக் கொண்டு நிறுவனத்தின் அறிக்கையை வரி வரியாகப் படித்துக் குறை கண்டார்கள். சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை ஏற்கப்படவில்லை. திட்டம் நின்றது. அந்த மலையைத்தான் 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அன்று அந்த மக்கள் வாளாவிருந்திருந்தால் இன்று காப்பதற்கு அங்கே என்ன இருந்திருக்கும்?

அந்தப் பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்தியவர் எஸ்.எம்.முகமது இத்ரிஸ். தமிழ்நாட்டில் பிறந்து இந்த ஊரில் வாணிகம் செய்த தமிழ் முஸ்லிம். 2019இல் மறையும்வரை மலைக்கும் கடலுக்கும் ஏழை மக்களுக்கும் குரல் கொடுத்தார். நாம் கூடியிருக்கும் இந்தச் சாலை வளர்த்த சமூகத்தின் மகன் அவர் என்பதில் நமக்கும் பெருமை உண்டு.

இன்னொன்று, அண்மையில் நடந்தது. சுங்கை ஆராவில் மலைச் சரிவில் ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு 2012இல் நகராண்மைக் கழகம் அனுமதி தந்தது. பினாங்கின் கட்டமைப்புத் திட்டம் 2007இல் அரசிதழில் வந்தது. அது என்ன சொன்னது? கடல்மட்டத்துக்கு 76 மீட்டர், அதாவது 250 அடிக்கு மேற்பட்ட நிலமும், 25 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவும் மலைநிலம்; அங்கே கட்டக்கூடாது என்றது. 25 பாகை என்றால் என்னவென்று கேட்பீர்கள். பத்தடி முன்னால் போவதற்குள் நாலரை அடிக்கு மேல் ஏறவேண்டிய சரிவு. நம் மலைக்காட்டில் வாளியோடு ஏறினால் மூச்சு வாங்குமே, அந்தச் சரிவு. ஆனால் அந்தத் திட்டத்திலேயே "சிறப்புத் திட்டம்" என்றொரு விலக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் பல கட்டடங்கள் மலையேறின.

சுங்கை ஆரா மக்கள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2015இல் வாரியம் அனுமதியை ரத்துச் செய்தது. நிறுவனம் விடவில்லை, அடுத்தடுத்த நீதிமன்றங்களில் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் போயிற்று. மக்களும் விடவில்லை. 2023இல் கூட்டரசு நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டமைப்புத் திட்டம் பார்த்துவிட்டு மூலையில் போடும் காகிதமல்ல, மன்றம் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். பதினோரு ஆண்டுகள்! நம் சங்க வழக்குகளில் மூன்று ஆண்டு இழுத்தாலே சலித்துப்போகிறோம். அவர்கள் பதினோரு ஆண்டுகள் கைப்பணம் போட்டு, கூட்டம் கூடி, காகிதம் சேர்த்து நின்றார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. 2013ஆம் ஆண்டு புக்கிட் ரெலாவில் அனுமதியின்றி மலையுச்சியை மழித்தார்கள். நகரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்படி மொட்டை விழுந்தது. மக்கள் அதை "மொட்டை மலை" என்றே அழைத்தார்கள். நீதிமன்றம் விதித்த அபராதம் 30,000 வெள்ளி. அந்த உயரத்தில் ஒரு வீட்டின் கழிவறைக்குக்கூட அந்தப் பணம் காணாது.

வாக்கும் மன்றமும்

அரசியல்வாதிகளைப் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். எல்லாரையும் ஒரே தராசில் போட்டுத் திட்டிவிட்டுப் போவது எளிது. அது நியாயமல்ல. தஞ்சோங் பூங்காவின் சட்டமன்ற உறுப்பினராக 2008 முதல் 2018 வரை இருந்த டே யீ சியூ, ஆளும் கட்சியைச் சேர்ந்தவர். இருந்தும் மலைவெட்டைக் கண்டித்து வெளிப்படையாகப் பேசினார். குடியிருப்பாளர் சங்கங்களோடு நின்றார். 2018 தேர்தலில் கட்சி அவரை மீண்டும் நிறுத்தவில்லை. காரணம் என்னவென்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் மக்கள் பக்கம் பேசும் உறுப்பினரின் பின்னால் மக்கள் நிற்காவிட்டால் அவர் தனியாளாகிவிடுவார் என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொரு கட்சி ஆட்சியில் இருந்தபோதும் மலை வெட்டப்பட்டது. இன்னொரு கட்சி வந்தபோதும் வெட்டப்பட்டது. எதிர்க்கட்சியாய் இருக்கையில் மலையைக் காப்போம் என்பவர் நாற்காலியில் அமர்ந்ததும் "வளர்ச்சி" என்கிறார். ஏன் இப்படி? ஒரு காரணம் நம் கண்முன் இருக்கிறது. கட்டட அனுமதி கொடுக்கும் மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1957இல் ஜோர்ஜ் டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர் யார் தெரியுமா? டி.எஸ்.ராமநாதன். தமிழர், தொழிற்கட்சிக்காரர், ஆசிரியர். மக்கள் வாக்களித்து அமைத்த மன்றத்தின் தலைவர். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு அந்த உரிமை சட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டது. இன்றுவரை திரும்பவில்லை. நம் தோட்டச் சங்கக் கிளையில் செயலாளரைக்கூட வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். நம் தலைக்குமேல் உள்ள மலையின் விதியை முடிவுசெய்பவரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை என்றால் இது என்ன முறை?

லயமும் மலையும்

இன்னும், "இது பட்டணத்து வீட்டுக்காரர் சண்டை" என்று நினைப்பவர்கள் இருந்தால், அவர்கள் இரண்டு பெயர்களை நினைவில் வைக்க வேண்டும்.

ஒன்று மீரியபெத்தை. இலங்கையின் கொஸ்லாந்தைக்கு அருகில் உள்ள தேயிலைத் தோட்டம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை, மலை சரிந்து லயங்களை மூடியது. இடம் அபாயமானது, மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள்.

மற்றொன்று பெட்டிமுடி. கேரளத்தின் மூணாறுக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, உறங்கிக்கொண்டிருந்த லயங்களின்மேல் மண்ணும் பாறையும் இறங்கின. 70 உயிர்கள். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறிக்கப் போன குடும்பங்கள்.

தோட்டத் துரையின் பங்களா குன்றின் உச்சியில் காற்றோட்டமாக இருக்கும். தொழிலாளி லயம் அடிவாரத்தில், ஓடைக்கருகில் இருக்கும். இலங்கையிலும் மூணாற்றிலும் மலாயாவிலும் இதுதான் வரிசை. மலை சரிகிறபோது முதலில் யாரிடம் வரும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

நம் தவறு

இப்போது நம்மைப் பற்றியே ஒரு விஷயம் சொல்லவேண்டும். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தின் மேட்டுக் காடு கைமாறியது. ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. பக்கத்து நிலத்தில் வீட்டுத் திட்டம் வருகிறது, ஆட்சேபம் இருந்தால் இன்ன தேதிக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். ஆபீசில் இருந்த கிராணிமார் நாங்கள் அதைப் படித்தோம். மலாய் மொழி நமக்குப் புரியாததல்ல. முத்திரை குத்தினோம், எண் போட்டோம், கோப்பில் வைத்தோம். லயத்து மக்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிர்வாகத்துக்கு வந்த கடிதம், நமக்கென்ன என்று இருந்தோம். சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்களும் எங்களில் உண்டு.

தேதி கடந்தது. மேட்டுக் காட்டை வெட்டினார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஒரு மாலை, செம்மண் குழம்பு லயத்துச் சாக்கடையை அடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் ஏறியது. உயிர்ச்சேதம் இல்லை, தெய்வம் காப்பாற்றியது. ஆனால் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு தாய் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, இப்படி வரும்னு ஆபீசில யாருக்கும் தெரியாதா?"

தெரியும். கோப்பில் இருந்தது. அந்தக் கேள்விக்கு அன்று நாங்கள் பதில் சொல்லவில்லை. மீரியபெத்தைக் கோப்புக்கும் எங்கள் கோப்புக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் மலை சற்றுச் சிறியது, அவ்வளவுதான். அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று இந்தக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வேலையும் வீடும் வேண்டாமா?

ஒரு வாதம் எழும். "கட்டடம் எழுந்தால் வேலை வரும். நம் பிள்ளைகளுக்கு வீடு வேண்டாமா? தஞ்சோங் பூங்காவில் இடிந்தது மலிவு விலை வீட்டுத் திட்டம்தானே? சொகுசு வீட்டுக்காரர்கள் தங்கள் காட்சி மறைகிறதென்று போடும் கூச்சலுக்கு நாம் ஏன் தாளம் போடவேண்டும்?"

இந்த வாதத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. நமக்கு வீடு வேண்டும். தோட்டத்தை விட்டுப் போகிறவனுக்கு ஒரு கூரை இல்லாத கொடுமையை நம்மைவிட அறிந்தவர் யார்? 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று, அவை துண்டு துண்டாக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அதைக் கண்டுதான் 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி தன் கூலியில் மிச்சம் பிடித்த வெள்ளியைக் கொண்டு தோட்டமே வாங்கிக் காட்டினார். நிலத்தை வெறும் விற்பனைச் சரக்காய்ப் பார்ப்பவர்களால் என்ன வரும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அனுபவித்தே அறிந்தார்கள்.

ஆகவே நாம் சொல்வது கட்டாதே என்பதல்ல. சரியும் இடத்தில் கட்டாதே என்பது. ஏழைக்கு வீடு என்று பெயர் வைத்துவிட்டால் மண் இரக்கம் காட்டாது. ஏழைக்கு ஏன் பாதுகாப்பான நிலத்தில் வீடு கொடுக்கக்கூடாது? சமநிலமெல்லாம் விலை உயர்ந்தவர்களுக்கு, சரிவெல்லாம் நமக்கு என்றால் அது மலிவு விலை வீடல்ல. மலிவு விலை உயிர்.

மாடி வீட்டுக்காரர் தம் காட்சிக்காகப் பேசினாலும் பேசட்டும். அவர் கேட்கும் சட்டம் நம் உயிரையும் காக்குமானால் அவரோடு நிற்பதில் நமக்கு இழிவில்லை. அவரிடம் வழக்கறிஞர் இருக்கிறார். நம்மிடம் என்ன இருக்கிறது? எண்ணிக்கை இருக்கிறது, மண்ணை அறிந்த கண் இருக்கிறது, தளத்தில் வேலை செய்பவனின் சாட்சி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

செய்ய வேண்டியவை

தோழர்களே, பேசிக் கலைந்து போவதற்கு நாம் வரவில்லை. நான்கு காரியங்களைக் கிளைகளின் முன் வைக்கிறோம்.

முதலாவது, கிராணிமாருக்கு. நிலம், கட்டடம், வடிகால் பற்றி எந்த அறிவிப்பு ஆபீசுக்கு வந்தாலும், பலகையில் ஒட்டப்பட்டாலும், அன்று மாலையே அதைத் தமிழில் சொல்லி லயத்து மக்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆட்சேபத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். தேதி கடந்த நியாயம் நீதிமன்றத்தில் நொண்டும்.

இரண்டாவது, வெளிக்காட்டில் நிற்பவர்களுக்கு. சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிவாக ஓடிய ஓடை திடீரென்று கலங்குவது, வறண்ட இடத்தில் நீர் கசிவது, இவற்றைக் கண்டால் தேதியோடு எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். கிளையில் ஒரு நகல் இருக்கட்டும். சுங்கை ஆரா மக்களை வெல்லவைத்தது அவர்கள் சேர்த்த காகிதம்.

மூன்றாவது, கட்டுமானத் தளங்களுக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு. 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகும் உரிமை அதில் இருக்கிறது. இந்த உரிமையைப் பக்கத்தில் நிற்கும் வங்காளதேசத் தோழருக்கும் சொல்லுங்கள். அவர் மொழி தெரியாவிட்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

நான்காவது, அரசியல்வாதிகளுக்கு. தேர்தல் வரும்போது சேலையும் அரிசியும் கொண்டு வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மலைநிலத்தில் "சிறப்புத் திட்டம்" என்ற கதவை மூடுவீரா? ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரக் குரல் கொடுப்பீரா? தளத்தில் தொழிலாளி இறந்தால் விசாரணை அறிக்கையை வெளியிடச் சொல்வீரா? பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலில் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டுங்கள்.

கூட்டம் முடிந்ததும் இந்தச் சாலையில் இறங்கி நடப்பீர்கள். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைப்பார்கள். கோயிலில் நடை திறப்பார்கள். மேற்கே பாருங்கள், கட்டடங்களுக்கு இடையில் மலை தெரியும். நம் ஊர்களுக்குத் திரும்பும்போது பஸ் ஜன்னலிலிருந்தும் தெரியும். அதன் பச்சையில் ஒரு செம்மண் கீறல் புதிதாகத் தெரிந்தால், அதன் அடியில் இந்நேரம் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே நிற்பவன் நம்மவன். அவன் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் நம்மவன்.

அடுத்த கடிதம் வரும்போது அதைக் கோப்பில் வைக்க மாட்டோம். இதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்டு போகவேண்டிய தீர்மானம். கைதூக்கி நிறைவேற்றித் தாருங்கள்.